மான் கூட்டங்களும் நோய் எதிர்ப்புச் சக்தியும்

காவிரி சூழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து மைசூர் வழியாகத் தெற்கே செல்லும் சாலை, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் பந்திப்பூர்க் காட்டை அடைகிறது. பந்திப்பூர், நாகரஹொளே, முதுமலை, வயநாடு ஆகிய காடுகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. புள்ளிமானும் கடமானும் அங்கே ஏராளம். ஆனால் எண்ணிக்கை மட்டுமே ஓர் இனத்தைக் காத்துவிடுமா?

1968-ஆம் ஆண்டில் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை நோய் பரவிக் காட்டெருமைகள் பெருமளவில் மடிந்தன. பின்னர், நாட்டு மாடுகளுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போடப்பட்டதன் பயனாய் அந்நோய் ஒழிந்தது. உலகினின்றே ஒழிந்ததென 2011-இல் அறிவிக்கப்பட்டது. இது விஞ்ஞானத்தின் பெரும் வெற்றி. எனினும், நாளை தோன்றக்கூடிய புதுநோய்க்கு இன்று ஊசி மருந்து கிடையாது. காட்டு மான்களைப் பிடித்து ஊசி போடுவதும் எளிதன்று. அவற்றுக்குத் துணை, பரம்பரையாய் வந்த உடற்காப்பே.

உடலில் நுழைந்த கிருமியின் துணுக்குகளை வெள்ளணுக்களுக்கு அடையாளம் காட்டும் புரதங்கள் உண்டு. அவற்றை அமைக்கும் ஜீன்கள் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாய் வருகின்றன. இரண்டும் வேறுபட்டிருப்பின், அடையாளம் காணத்தக்க கிருமிகளும் பலவாகும். கூட்டம் முழுவதிலும் இவ்வேறுபாடு மிகுந்திருப்பின், ஒரே கிருமி அனைத்தையும் வீழ்த்துதல் அரிது.

அமெரிக்காவில் 1967-இல் கொலராடோ மாநிலத்து மான்களிடம் உடல் மெலிந்து மாயும் நோயொன்று முதலில் காணப்பட்டது. திரிபடைந்த ஒரு புரதமே அதன் காரணம். வெண்வால் மான்களுள் சிலவற்றில் அப்புரதத்தின் 96-ஆம் இடத்தில் சிறு மாறுதல் உண்டு. அவையும் நோய்க்குத் தப்புவதில்லை. ஆனால் நோய் மெதுவாகவே முற்றுகிறது. நோய் வருமுன் அம்மாறுதலுக்கு மதிப்பளித்திருப்பார் யார்?

மணிப்பூரின் சங்காய் மான் மற்றோர் எச்சரிக்கை. 1975-இல் 14 மான்களே காணப்பட்டன. பாதுகாப்பின் பயனாய் 2016-இல் 260 ஆயின. எண்ணிக்கை மீண்டது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் சிலவற்றின் வழிவந்த கூட்டத்தில், இழந்த ஜீன் வேறுபாடுகள் விரைவில் மீள்வதில்லை.

ஆகவே மான் கூட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து இனம் பெருக்குவதற்குரிய காட்டு வழிகள் அடைபடலாகாது. அவ்வழிகளே நோயையும் பரப்புமே என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. ஆனால் வழியை அடைத்தாலும், காட்டோரம் மேயும் மாடுகளின் மூலம் கிருமி வந்து சேரும். புதிய ஜீன்களோ மான்கள் நடமாடினாலன்றி வாரா. மாடுகளுக்குத் தடுப்பூசியும் மான்களுக்குத் தடையற்ற வழியும் ஒருங்கே வேண்டும்.

பந்திப்பூர்ச் சாலைகளில் 2009-இல் விதிக்கப்பட்ட இரவுப் போக்குவரத்துத் தடையால் வணிகருக்கும் பயணிகளுக்கும் இடையூறு உண்டென்பதை மறுப்பதற்கில்லை. எனினும் சில மணி நேரத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருமுறை அழிந்த பரம்பரைச் செல்வத்தை எந்த ஆராய்ச்சிசாலையும் மீண்டும் படைத்துத் தர இயலாது.