பெட்டியிழந்த கேசட்டுகள்

பொருளைத் தேடுதலினும் தேடிய பொருளைப் பேணுதல் அரிது என்பதை யான் நூல்களிற் படித்திருந்தேன். ஆயினும் அதனை எனக்கு உள்ளவாறு உணர்த்தியது 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிற் பெருகிய தாமிரபரணியே ஆகும்.

அத்திங்கள் 17, 18ஆம் நாள்களிற் பெய்த மழையை நெல்லை நாட்டார் எளிதில் மறவார். காயல்பட்டினத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்த காலத்துள் 95 சென்டிமீட்டர் அளவு மழை பதிவாயிற்று. ஆறு கரை கடந்து ஊருக்குட் புகுந்தது. சிந்துபூந்துறையில் உள்ள எம் இல்லத்தினுள் இடுப்பளவு நீர் நின்றது. அரிசியும் பாயும் துணியும் நனைந்தமைக்கு அன்னையார் வருந்தினார். யான் வருந்தியது வேறொன்றற்கு. என் சித்தப்பா கடல் கடந்து வேலைக்குச் செல்லுமுன் என்பால் ஒப்புவித்த வீடியோ கேம் கேசட்டுகள் 46, ஒரு சாக்குப் பையில், கட்டிலின் கீழே கிடந்தன. கிடந்தன என்பது பிழை. யான் அவற்றை அங்ஙனம் கிடத்தியிருந்தேன் என்பதே உண்மை.

இக்கால மாணவர் பலர் இக்கேசட்டுகளைக் கண்டிரார் ஆதலின், அவற்றின் இயல்பைச் சிறிது கூறுவல். ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனத்தார் 1983ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ‘ஃபேமிகாம்’ என்னும் விளையாட்டுப் பொறியை வெளியிட்டனர். தொலைக்காட்சிப் பெட்டியோடு அதனை இணைத்து, ஒவ்வோர் ஆட்டத்திற்கும் உரிய சிறு பேழையை அதன் தலையிற் செருகி ஆடுவர். அப்பொறியைப் போன்றே பிறர் செய்த மலிவான பொறிகள் 1990ஆம் ஆண்டுகளில் நம் நாட்டுக் கடைகளை நிரப்பின. ஒலிநாடாப் பேழைக்கு வழங்கிய கேசட்டு என்னும் பெயரே நம்மவரிடை இதற்கும் வழங்கிற்று. ஆயின் இதனுள் நாடா என்பது இல்லை. ஒரு சிறு மின்சுற்றுப் பலகையும், அதன்மேல் ஆட்டம் பொறிக்கப்பட்ட சில்லும், அடியில் அறுபது தொடுமுனைகளுமே உள்ளன. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட் அளவினுள் அடங்கும் என்றால் அதன் சுருக்கத்தை என்னென்பது! இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதனினும் பன்மடங்கு பெரிது.

மேனாட்டுத் தொகுப்பாளர் அட்டைப்பெட்டியும் வழிகாட்டி நூலும் உடன் இருக்கும் கேசட்டையே உயர்ந்தது என்பர். பெட்டியிழந்ததைத் தாழ்ந்தது என்பர். நம்மூர்க் கேசட்டுகளோ பெரும்பாலும் பெட்டியற்றவையே. பழையதைக் கடையிற் கொடுத்து, மேலும் சில ரூபாய் சேர்த்து, வேறொன்றை மாற்றிக்கொண்டு வருதல் அக்காலப் பிள்ளைகளின் வழக்கம். இவ்வாறு கைமாறிக் கைமாறி வந்த பொருளுக்குப் பெட்டி ஏது?

இனி, வெள்ளத்தின் பின் நிகழ்ந்ததைக் கூறுவல். கேசட்டுகளைச் சேற்றினின்று எடுத்து, நன்னீரிற் கழுவி, திருகாணி நீக்கித் திறந்து, பலகைகளைச் சாராயத் திரவம் தோய்த்த பஞ்சினால் துடைத்து, நிழலிற் பல நாள் உலர்த்தினேன். மின்னோட்டம் இல்லாத நிலையில் நீர் பட்டமையால் மட்டும் ஆட்டம் அழிந்துவிடாது. சில்லை ஆக்கும்போதே அஃது அதனுட் பொறிக்கப்பட்டதாகலின். உலர்ந்தபின் ஒவ்வொன்றாய்ச் செருகிப் பார்த்தேன். 31 கேசட்டுகள் உயிர்பெற்றன. எஞ்சிய 15இல் நான்கனுக்கு மேலொட்டு இருந்தமையால் பெயரேனும் தெரிந்தது. ஏனைய பதினொன்றும் பேசாமலும் பெயரில்லாமலும் நின்றன.

31 பிழைத்தனவே என்று யான் மகிழ்ந்திருந்தேன். மறு ஆண்டு விடுமுறைக்கு வந்த சித்தப்பா, நன்கு ஓடும் கேசட்டு ஒன்றைக் கையிலெடுத்து, மேலொட்டு உரிந்த அதன் முகத்தை நெடுநேரம் நோக்கியிருந்து, “இதுல எழுதியிருந்தத நீ என்னைக்காவது வாசிச்சியாலே?” என வினவினார். யான் வாசித்தேன் அல்லேன். மேலொட்டின் ஓரத்திற் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது என்பது மட்டுமே நினைவில் உள்ளது. அவர் சொல்லக் கேட்டுப் பின்னர் அறிந்தேன்: வாங்கிய விலை, மாற்றிக்கொண்ட நாள், கொடுத்த நண்பர் பெயர், ‘திருப்பித் தரணும்’ என்னும் ஆணை ஆகியன பலவற்றின்மேல் இருந்தன. அந்நண்பருள் ஒருவர் இன்று உயிரோடு இல்லை.

அன்று எனக்கு ஓர் உண்மை புலனாயிற்று. கேசட்டின் உள்ளிருக்கும் ஆட்டம் உலகெங்கும் உள்ளது. அமெரிக்க நாட்டு ராச்செஸ்டர் நகரில் விளையாட்டிற்கெனவே அமைந்த ஸ்டிராங் அருங்காட்சியகத்தார் 2015ஆம் ஆண்டில் வீடியோ ஆட்டங்களுக்கு ஒரு புகழ்மண்டபம் தொடங்கியபோது, முதலில் தேர்ந்த ஆறனுள் சூப்பர் மாரியோ பிரதர்ஸும் ஒன்று. ஆதலின் அவ்வாட்டம் மறைந்துபோம் என நாம் அஞ்ச வேண்டுவதில்லை. ஆயின் அதன் புறத்தே நம்மூர்ப் பிள்ளை ஒருவன் எழுதிய எழுத்து ராச்செஸ்டரில் இல்லை, வேறெங்கும் இல்லை. யான் அகத்தைக் காத்துப் புறத்தை இழந்தேன். நமக்கே உரியது புறமாகவே இருந்தது.

தமிழ் பயில்வார்க்கு இது புதிய செய்தி அன்று. ஓலைச்சுவடியின் இறுதியில் எழுதினோன் தன் பெயரையும் ஊரையும் எழுதி முடித்த நாளையும் குறித்தல் பண்டை வழக்கம். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டின் ஏட்டை நாடி இதே ஆற்றின் கரையில் உள்ள ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். ஆங்குக் கவிராயர் ஒருவர் இல்லத்தில் அதனைக் கண்டெடுத்தார். 1889இல் நூல் அச்சேறிற்று. எந்த ஏடு எவரிடத்தினின்று வந்தது என்பதனைத் தம் பதிப்புகளின் முகவுரையில் அவர் மறவாது எழுதிவைத்தார். பாட்டு மட்டும் போதும், வந்த வழி வேண்டா என அவர் கருதியிருப்பின், அவ்வேடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களின் பெயரை இன்று யார் அறிவர்?

“பத்துப்பாட்டு எங்கே, பையன்கள் ஆடிய கேசட்டு எங்கே? மேலும், இவை இசைவின்றி எடுத்த கள்ளப் படிகள் அல்லவோ?” என என் வகுப்புத் தோழர் ஒருவர் வினவினார். இரண்டும் ஒரே மதிப்பின என்பது என் கருத்தன்று. படியெடுத்து விற்றோர் செய்தது தவறு என்பதனையும் யான் மறுக்கவில்லை. ஆக்கியோர்க்குச் சேரவேண்டிய ஊதியம் சேர்ந்திலது. அதனை மறையாது, ‘இஃது இசைவு பெறாத படி’ எனக் குறித்துவைத்தலே நேர்மை. ‘ஒன்றில் 9999999 ஆட்டங்கள்’ என மேலொட்டிற் பெருமை பேசும் கேசட்டைச் செருகினால், சில ஆட்டங்களே பெயரும் வண்ணமும் மாறி மீண்டும் மீண்டும் வரும். அப்பொய்யும் ஒரு சான்றே. விலையுயர்ந்த பொறிகளை வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைகள் அப்புது விளையாட்டை எவ்வழியாற் பெற்றனர் என்பதற்கு, அப்பிள்ளைகளின் நினைவை அல்லாமல் இக்கேசட்டுகளே சான்று.

ஆகவே இவற்றைப் பேணும் முறை மேலொட்டைக் காத்தலினின்று தொடங்குதல் வேண்டும் என்பது என் துணிபு. முதலாவதாக, ஒவ்வொரு கேசட்டின் இருபுறத்தையும் படமெடுத்து, எண்ணிட்டு, அதன் வரலாற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுக. அவ்வேட்டைக் கேசட்டுகளோடு வையாது வேறிடத்து வைக்க. உரியும் மேலொட்டின்மேல் செல்லோடேப்பு ஒட்டற்க. அதன் பசை மஞ்சளித்துக் காகிதத்தையும் கெடுக்கும். ரப்பர் வளையத்தாற் கட்டற்க. நம் கோடை வெப்பத்தில் அஃது இளகி ஒட்டிக்கொள்ளும். பூச்சிக்கு அஞ்சிப் பாச்சை உருண்டையை உடன் இடற்க. அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கும்.

தொடுமுனைகளில் வாயால் ஊதுதல் அக்காலத்தார் யாவரும் கைக்கொண்ட மருத்துவம். அது மருத்துவமன்று, நோயே ஆகும். ஊதும் மூச்சின் ஈரம் உலோகத்தை அரிக்கும். ஊதியபின் ஆட்டம் ஓடியது மீண்டும் செருகியமையால் என்க. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சே போதும். ஆட்டத்தின் இடைநிலையைச் சேமிக்கும் சில கேசட்டுகளுள் நாணயம் போன்ற மின்கலம் இருக்கும். அது கசிந்து பலகையை அரியாவண்ணம் ஆண்டுதோறும் பார்த்தல் நன்று.

வைக்கும் இடம் யாது? தரையோடு வைத்தால் வெள்ளம் உண்டு. மொட்டைமாடியின் அடியில் உள்ள பரணில் வைத்தால் வெப்பம் உண்டு. ஆதலின் நெஞ்சளவு உயரத்து அலமாரித் தட்டே தக்கது. ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் இட்டு, தொடுமுனை கீழாகவும் மேலொட்டு முன்னாகவும், நூல்களைப்போல் நிமிர்த்தி நிறுத்துக. ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உடன் இடுக. அடுக்கி வைத்தால் மேலுள்ளது கீழுள்ளதன் மேலொட்டைத் தேய்க்கும்.

காட்சிக்கு வைத்தல் வேறு, சேமித்தல் வேறு. எல்லாவற்றையும் சன்னலருகே கண்ணாடிக்குள் பரப்புதல் கண்ணுக்கு இனிதாயினும் கேடு பயக்கும். கதிரொளி பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கி மேலொட்டின் வண்ணத்தை வெளுப்பிக்கும். வெயில் படாத சுவரிற் சாய்வான மரச்சட்டம் ஒன்று அமைத்து, பன்னிரண்டை மட்டும் வைத்து, சில திங்களுக்கு ஒருமுறை மாற்றுதல் தக்கது. ஒவ்வொன்றின் கீழும் ஆட்டத்தின் பெயரோடு அது வந்த வழியையும் இரண்டு வரியில் எழுதுக. வள்ளுவனார் அரசனது திறத்தை உரைக்குமிடத்துக் காத்தலோடு நிறுத்தினார் அல்லர். காத்ததை வகுத்து வழங்குதலையும் உடன் வைத்தார். பிறர் கண்டு, எடுத்து, ஓட்டி, ஆடாத கேசட்டு, படிப்பாரற்ற சுவடியோடு ஒக்கும்.

நம் பழைய மாணவர்களுள் 1990ஆம் ஆண்டுகளிற் பிள்ளைப் பருவம் கழித்தோர் பலர் உளர். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் இத்தகைய கேசட்டுகள் இன்னும் இருத்தல் கூடும். அடுத்த முறை கல்லூரிக்கு வருங்கால் அவற்றைக் கொணர்க என்று யான் கேட்கவில்லை. அதற்கு முன், அவற்றின்மேல் எழுதியிருப்பதை ஒருமுறை வாசித்து, ஒரு தாளில் எழுதிவைக்க என்றே வேண்டுகின்றேன். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும்.

யான் இப்பொழுது ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றேன். ஞாயிறுதோறும் சித்தப்பா தொலைபேசியில் நினைவுகூர்ந்து சொல்வதை, எண்ணிட்ட பக்கங்களில் எழுதி வருகின்றேன். பதினொரு பக்கங்கள் இன்னும் வெறுமையாய் உள்ளன.