டயருக்கும் வயதுண்டு

பால்மாப் பக்கற்றைத் திருப்பித் திகதி பார்க்காமல் நாம் கடையில் இறக்குவதில்லை. ஆனால் நமது உயிரையும் சரக்கையும் சுமந்து ஓடும் டயரின் திகதியை எத்தனை பேர் பார்க்கிறோம்?

2024ஆம் ஆண்டு எனது விநியோக வேனுக்கு நான்கு டயர்கள் வாங்கினேன். கடைக்காரர் நல்ல விலைக்கழிவு தந்தார். நானும் இலாபம் என்று மகிழ்ந்தேன். ஆறு மாதம் போகுமுன் டயரின் பக்கங்களில் மயிரிழை போல வெடிப்புகள். கராஜில் காட்டியபோது, டி.ஓ.ரி. என்ற ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்கச் சொன்னார்கள். 0817 என்றிருந்தது. அதாவது 2017ஆம் ஆண்டின் 8ஆவது வாரம். ஏழு வருடப் பழைய சரக்கு!

முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2000ஆம் ஆண்டிலிருந்து இதுதான் முறை. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது அதற்கும் முந்தியது, தொடவே வேண்டாம். ஒரு பக்கத்தில் காணாவிட்டால் மறுபக்கம் பாருங்கள்.

ஓடாமல் கிடந்தாலும் இறப்பர் வெப்பத்தாலும் காற்றாலும் இறுகிவிடும். தேயாத டயரெல்லாம் புதிய டயரல்ல. 6 வருடத்தில் மாற்றிவிடுமாறு சில வாகன உற்பத்தியாளர்களே சொல்கிறார்கள்.

டயர் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓரிரு வருடம் தேங்கிய சரக்கை விலை குறைத்து விற்பது குற்றமல்ல. வயதை மறைப்பதுதான் மோசடி. அந்த நான்கு இலக்கத்தையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். அப்படிக் கொடுக்கும் கடைக்குத்தான் நான் இப்போது போகிறேன்.