பிள்ளை பெற்றவளின் கண்ணீரும் ஜமாஅத்தின் கடமையும்

பிள்ளைப்பேறு இறைவனின் அருட்கொடை. குழந்தை பிறந்த செய்தி செவியில் விழுந்ததும் "அல்ஹம்துலில்லாஹ்" என்கிறோம். குழந்தையின் வலச்செவியில் பாங்கு ஓதுகிறோம். ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டுகிறோம். நாற்பதாம் நாள் விருந்தும் வைக்கிறோம். இவையெல்லாம் பிள்ளைக்கும் உறவினருக்கும் ஆயின. பெற்றவளின் உள்ளம் எவ்வாறிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் வினவினோம்?

இவ்வினாவைப் பிறருக்கு விடுக்குமுன் எனக்கே விடுத்துக்கொள்ளக் கடமைப்பட்டவன் நான். சில ஆண்டுகளுக்கு முன், தேசூரில் நெசவுத் தொழில் செய்யும் பெரியவர் ஒருவர் ஜும்ஆ முடிந்ததும் ஒரு புட்டித் தண்ணீருடன் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், மருமகளுக்குப் பிள்ளை பிறந்து பதினைந்து நாள் ஆகிறது. பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்க மறுக்கிறாள். இரவெல்லாம் விழித்திருந்து அழுகிறாள். கண்ணேறோ, காற்று கருப்போ தெரியவில்லை, ஓதிக் கொடுங்கள்" என்றார். நானும் ஓதிக் கொடுத்தேன். பொறுமையுடன் இருக்கச் சொல்லுங்கள் என்று அறிவுரையும் கூறினேன்.

மூன்று வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். அப்பெண் உணவை வெறுத்துவிட்டாள் என்றும், தான் இல்லாவிட்டால் பிள்ளை நன்றாயிருக்கும் என்று சொல்லத் தொடங்கிவிட்டாள் என்றும் கூறிக் கண் கலங்கினார். அதன் பின்னரே அவர்களை மருத்துவரிடம் அனுப்பினேன். மருந்தும் ஆலோசனையும் பெற்றுச் சில மாதங்களில் அவள் தேறினாள். எல்லாப் புகழும் இறைவனுக்கே! ஆயினும் அந்த மூன்று வாரத் தாமதத்திற்கு நானும் பொறுப்பாளி. ஓதியது தவறன்று, ஓதியதோடு நிறுத்திக்கொண்டதே தவறு.

"ஈமான் உள்ளவளுக்கு இத்தகைய சோர்வு வருமா?" என்று கேட்போர் உளர். அவர்கள் திருமறையைத் திறந்து பார்க்கட்டும். பேரீச்ச மரத்தடியில் பிரசவ வேதனையுற்ற அன்னை மர்யம் (அலை), இதற்கு முன்பே தாம் இறந்து மறக்கப்பட்டுப் போயிருக்கலாகாதா என்று ஏங்கினார்கள் (19:23). உலகப் பெண்டிருள் தேர்ந்தெடுக்கப்பட்ட அப்பெருமாட்டியை இறைவன் கடிந்துகொண்டானா? இல்லை. கவலற்க என்று ஆறுதல் வந்தது; நீரோடையும் கனிந்த பேரீச்சையும் வந்தன; உண்டு பருகிக் கண் குளிர்ந்திருக்குமாறு பணிக்கப்பட்டது (19:24-26). மூஸா நபியின் (அலை) அன்னையோ, இறைவனிடமிருந்தே உதிப்பு வரப்பெற்றவர்கள். அவர்களுடைய உள்ளமும் வெறுமையுற்றதென்றும், இறைவன் அதனை உறுதிப்படுத்தியிராவிடில் மறைத்ததை வெளியிட்டிருப்பார்கள் என்றும் குர்ஆன் கூறுகின்றது (28:10). ஆகவே, சோர்வுற்ற தாயை ஈமான் குறைந்தவள் என்று பழிப்பவர், தாம் அறியாத ஒன்றைப் பேசுகின்றார்.

இது நம் வட்டாரத்திற்குப் புதிய செய்தியுமன்று. வேலூரிலிருந்து ஆரணிக்கு வரும் சாலையில் உள்ள கணியம்பாடி வட்டாரத்துச் சிற்றூர்களில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 359 கருவுற்ற பெண்களைப் பேறுகாலத்திற்கு முன்னும் பின்னும் கண்டு ஆராய்ந்தனர். பிரசவத்திற்குப் பின் நூற்றுக்குப் பதினொருவர் வீதம் புதிதாக மனச்சோர்வு கண்டதென 2002-இல் முடிவு வெளியாயிற்று. அதற்குத் துணைபுரிந்தவை எவை என்பதையும் அவர்கள் கண்டனர். வறுமை; ஆண் மகவை விரும்பியிருக்கப் பெண் மகவு பிறத்தல்; மாமியாருடனும் பெற்றோருடனும் மனப்பிணக்கு; உதவிக்கு ஆளின்மை. வாசகர்களே, இவற்றுள் ஜின்னின் வேலை எது? நம் கைகளின் வேலையன்றோ இவை?

பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுப்பவனைத் திருமறை வன்மையாகக் கண்டிக்கின்றது (16:58-59). குழந்தையை முன்னிட்டுத் தாய்க்குத் துன்பம் நேரலாகாது என்றும், அவளுக்குரிய உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்றும் கட்டளையிடுகின்றது (2:233). பேறுகாலத் தீட்டு நாட்களில் ஷரீஅத் தொழுகையையே அவள்மீதிருந்து இறக்கிவைத்தது. படைத்தவனே தனக்குரிய கடமையைத் தளர்த்திய நாட்களில், அடுக்களையையும் தறிக்குரிய நூல் வேலையையும் அவள் தலையில் ஏற்ற நமக்கு உரிமை தந்தது யார்?

மகப்பேற்றை அடுத்த சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் உண்டு. அன்பும் ஓய்வும் கிடைத்தால் இரண்டு வாரத்திற்குள் அது அகன்றுவிடும். அதற்கு மேலும் துயரம் நீடித்து, உறக்கமும் உணவும் கெட்டு, பிள்ளைமீது பற்றில்லாமற்போனால் அது நோய். கருவுற்றிருக்கும்போதே அது தொடங்குவதும் உண்டு. ஆயிரம் பிரசவங்களில் ஒருவருக்கோ இருவருக்கோ திடீரெனச் சித்தம் கலங்கி, இல்லாத குரல்கள் கேட்கும். பிள்ளையைப் பற்றி விபரீத எண்ணங்கள் எழும். அது ஒரு நாளும் தாமதிக்கலாகாத அவசரநிலை. தன்னை மாய்த்துக்கொள்ளப் போவதாகப் பேசுபவளையும் தனியே விடலாகாது. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இறைவன் எந்த நோயையும் அதற்குரிய நிவாரணமின்றி இறக்கவில்லை என்பது நபிமொழி. துயருற்றோரின் நெஞ்சுக்கு ஆறுதலளிக்கும் கஞ்சியாகிய தல்பீனாவை நபிகள் நாயகம் (ஸல்) பரிந்துரைத்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கின்றார்கள். உடலைப் போன்றே உள்ளமும் நோயுறும், அதற்கும் மருத்துவம் உண்டு என்று பத்தாம் நூற்றாண்டிலேயே நூல் எழுதியவர் அபூஸைத் அல்பல்கீ. அத்தகையோரின் வழித்தோன்றல்களாகிய நாம் நோயாளியைச் சங்கிலியில் பிணைக்கும் நிலைக்கு இறங்கினோம். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் நேர்ந்த தீயில், கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டதை எளிதில் மறக்கலாமா?

மருத்துவமனைக்குப் போனால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்ற அச்சம் பல தாய்மாருக்கு உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்று விதித்துள்ளது. பெங்களூர் நிம்ஹான்ஸில் தாயும் சேயும் ஒருங்கே தங்கும் தனிப்பிரிவே உண்டு. மூஸா நபியை (அலை) அன்னையின் மடிக்கே மீட்டுத் தந்து அவர்கள் கண்ணைக் குளிர்வித்தவன் இறைவன் (28:13) என்பதை ஈண்டு நினைவுகூர்க. பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகளும் உள. தாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்பதே முறை.

முதலில் நாட வேண்டியவர் உங்கள் ஊர்ச் சுகாதாரச் செவிலியர். அடுத்து ஆரம்ப சுகாதார நிலையம். பிள்ளைக்குத் தடுப்பூசி போடச் செல்லும்போதே தாயின் நிலையையும் சொல்லுங்கள். வீட்டை விட்டு வர இயலாதோர், 2022-இல் தொடங்கப்பெற்ற டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

உலமாப் பெருமக்களுக்கும் ஜமாஅத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தண்ணீருடன் வருவோருக்கு ஓதிக் கொடுங்கள், "மருத்துவரைப் பார்த்தீர்களா?" என்றும் உடனே கேளுங்கள். ஆண்டுக்கொரு ஜும்ஆவிலாவது இதைப் பற்றிப் பேசுங்கள். வசதியற்ற தாயின் வண்டிச் செலவுக்கு ஜமாஅத் நிதியில் சிறு பங்கு ஒதுக்குங்கள். மாமியார்களே, உங்கள் மருமகளும் ஒரு தாயின் மகளே என்பதை எண்ணுங்கள்.

தொழுகையின் நடுவே குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாய் மனம் வருந்துவாளே என்று தொழுகையையே சுருக்கிக்கொண்டவர்கள் நம் பெருமானார் (ஸல்). அவர்களின் உம்மத்தாகிய நமக்குத் தாயின் அழுகுரல் கேட்காமற் போகலாமா? அக்குரலைக் கேட்கும் செவியையும் இரங்கும் நெஞ்சையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.