வரி நிலத்துக்கா, வாயுவுக்கா?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நிலத்தடி எரிவாயு நம் நாட்டைப் போல அரசின் சொத்து அல்ல. முன்னோர் அந்த உரிமையைத் தனியே விற்றுவிடாத வரை அது நிலத்துக்காரருக்கே சொந்தம். 2004-இல் வாஷிங்டன் கவுண்டியில் மார்செல்லஸ் பாறைப் படிவத்தில் துளையிடத் தொடங்கியதை அடுத்து, குத்தகைப் பத்திரத்தோடு நிறுவனத்து ஆட்கள் விவசாயிகளின் வாசலுக்கே வந்தார்கள். ஏக்கர் கணக்கில் முன்பணம், பிறகு குறைந்தது எட்டில் ஒரு பங்கு ராயல்டி. பால் விலையை நம்பிக் கடனில் தவித்தவர்கள் கையெழுத்துப் போட்டதில் வியப்பில்லை.

சிக்கல் சொத்து வரியில் வந்தது. அந்த மாநிலத்தில் 1974 முதல் 'கிளீன் அண்ட் கிரீன்' என்ற சலுகை உண்டு. பொதுவாக 10 ஏக்கருக்குக் குறையாத விளைநிலத்துக்கும் காட்டுக்கும், சந்தை விலையைப் பாராமல் சாகுபடிக்கு உள்ள மதிப்பை மட்டும் வைத்து வரி போடுவார்கள். பயன்பாட்டை மாற்றினால் ஏழு ஆண்டுச் சலுகையை 6 சதவீத வட்டியோடு 'பழைய வரி'யாகத் திருப்பிக் கட்ட வேண்டும். அப்படியானால், வயலின் ஒரு மூலையில் எரிவாயுக் கிணறு வந்தால் மொத்தப் பண்ணைக்கும் சலுகை போய்விடுமா? இந்தக் குழப்பத்துக்கு 2010-இல் வந்த 88-ஆம் எண் சட்டம் விடை சொன்னது: கிணற்றுத் தளத்துக்குப் போன பகுதிக்கு மட்டும் பழைய வரியைக் கட்டினால் போதும், மற்ற நிலத்துக்குச் சலுகை தொடரும்.

இது நியாயமான விடை. நூறு ஏக்கரில் ஐந்து ஏக்கர் சரளை மேடானதற்காக, இன்னமும் சோளம் விளையும் தொண்ணூற்றைந்து ஏக்கரைத் தண்டிப்பதில் பொருளில்லை. அப்படித் தண்டித்தால் விவசாயி அதையும் மனை போட்டு விற்றுவிடுவார். சலுகை எதைத் தடுக்க வந்ததோ அதுவே நடந்துவிடும்.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. கிணற்றுத் துளை நேர் கீழே இறங்கி, பிறகு பக்கவாட்டில் ஒரு மைலுக்கு மேல் ஓடுகிறது. ஒரே தளத்திலிருந்து பல பண்ணைகளின் அடியிலுள்ள வாயு வெளியே வருகிறது. தளத்துக்கு இடம் கொடுத்தவர் பழைய வரியைக் கட்டுகிறார். பக்கத்துப் பண்ணைக்காரருக்கு ராயல்டியும் வருகிறது, முழுச் சலுகையும் நிலைக்கிறது. சலுகையால் குறையும் வரியின் சுமை, கால் ஏக்கர் மனையில் குடியிருக்கும் ஓய்வூதியர் தலையில் ஏறுகிறது. அந்த ஊர்ப் பள்ளிகள் பெரிதும் சொத்து வரியை நம்பி நடப்பவை.

இதற்காக விவசாயியைக் குற்றம் சொல்வது எளிது, தவறும் கூட. வரி விழாமல் தப்புவது வாயுதான். நிலத்தடி நிலக்கரியைச் சொத்தாக மதிப்பிட்டு வரி போடலாம்; எண்ணெய்க்கும் வாயுவுக்கும் அப்படிப் போடச் சட்டத்தில் இடமில்லை என்று 2002-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எடுக்கும் அளவுக்கு ஏற்ற வரியும் கிடையாது. 2012-இல் வந்த பாதிப்புக் கட்டணம் கிணற்றுக்கு இவ்வளவு என்று வசூலாவது. வாயு கொட்டினாலும் தொகை ஏறுவதில்லை. அதில் பள்ளி மாவட்டங்களுக்கு நேரடிப் பங்கும் இல்லை.

எடுக்கும் வாயுவுக்கு வரி போட்டால் நிறுவனங்கள் ஓடிவிடும் என்கிறார்கள். அமெரிக்காவில் மிக அதிகமாக எரிவாயு எடுக்கும் டெக்ஸாஸ் அதன் மதிப்பில் 7.5 சதவீதம் வாங்குகிறது. அண்டை மாநிலமான மேற்கு வர்ஜீனியா 5 சதவீதம். அங்கிருந்து யாரும் ஓடிவிடவில்லை. பென்சில்வேனியாவில் ஆளுநராக இருந்த டாம் வுல்ஃப் 2015 முதல் திரும்பத் திரும்ப முன்வைத்த இந்த வரியைச் சட்டமன்றம் நிறைவேற்றவே இல்லை.

2010 சட்டத்தில் கை வைக்க வேண்டாம். பழைய வரியை நிறுவனமே கட்டும் என்று குத்தகையில் எழுதி வாங்காமல் எந்த விவசாயியும் கையெழுத்திடவும் வேண்டாம். மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் உள்ள சட்டமன்றம் செய்ய வேண்டியது, எடுக்கும் வாயுவுக்கு வரி விதித்து, அதில் ஒரு பங்கைக் கிணறுகள் உள்ள ஊர்களின் பள்ளிகளுக்கென்று சட்டத்திலேயே எழுதிவைப்பது.