ஓட்டத்தில் வீரன், வம்சத்தில் வறியவன்

ஐக்கிய அமெரிக்காவிலே ‘சிகார்’ என்றொரு பந்தயக் குதிரை இருந்தது. 1994 தொடக்கம் 1996 வரை தொடர்ந்து 16 பந்தயங்களில் அது வாகை சூடியது. இத்தகைய வீரனின் குட்டிகளும் காற்றாய்ப் பறக்கும் என்றெண்ணி, 1997 இல் 34 பெட்டைக் குதிரைகளை அதனோடு சேர்த்தனர். ஒன்றேனும் சினைப்படவில்லை! வைத்திய நிபுணர் பலர் முயன்றும் பயன் விளையவில்லை. காப்புறுதியாளர் இரண்டரைக் கோடி டொலர் செலுத்த நேர்ந்தது. 2014 இல் சந்ததியின்றியே சிகார் மாண்டது.

இதனை வெறும் விதியென்று நாம் தள்ளிவிடலாகாது. கருவூட்டலுக்குரிய பொலிகாளையைத் தெரிவோர், அதன் விந்தைச் சோதித்த பின்னரே ஏற்கின்றனர். பொலிகுதிரையையோ வேகத்துக்காகவும் வனப்புக்காகவும் தெரிகின்றனர். ஆதலின் கருவளங் குன்றிய பொலிகுதிரைகள் அரியன அல்ல.

இக்குறைக்கு விஞ்ஞானம் ஓரளவு பரிகாரம் கண்டுள்ளது. விந்தணுக்கள் மிதந்துவரும் திரவம் சேர்க்கையின்போது உதவுவதேயாயினும், சேமித்து வைக்குங்கால் அவ்வணுக்களுக்கே ஊறு செய்யும். ஆகவே ஆடை நீக்கிய பாலும் சர்க்கரையும் கிருமிகொல்லி மருந்தும் கலந்த கரைசலை விந்துடன் சேர்த்து, சுழற்சிப் பொறியிலிட்டு, அத்திரவத்தின் பெரும்பகுதியை அகற்றுவர். பின்னர் 5 பாகை சதம அளவுக்குக் குளிரூட்டினால், மறுநாளும் கருவூட்டலுக்குப் பயன்படுத்தலாம்.

ஆயின் இம்முறை நல்லதையும் தீயதையும் பிரித்தறியாது. அதற்கென்றே சுவீடன் தேசத்து உப்சாலா நகர் ஆராய்ச்சியாளர் மற்றொரு வழியை வளர்த்தனர். நுண்ணிய சிலிக்காத் துணிக்கைகள் செறிந்த திரவத்தின்மேல் விந்தை ஊற்றிச் சுழற்றுவர். துடிப்பும் உறுதியும் வாய்ந்த அணுக்கள் அதனை ஊடுருவி அடியிற் சேரும். இறந்தனவும் பழுதுற்றனவும் பெரும்பாலும் மேலே தங்கிவிடும். சுளகு நெல்லையும் பதரையும் பிரிப்பது போன்றதே இது.

ஆனாற் பதரையே நெல்லாக்கும் சுளகு எங்குமில்லை. நல்லணு சிறிதேனும் இருந்தாலன்றி இம்முறை பயன் தராது. மேலும், சிகார் பிறந்த ‘தரோபிரெட்’ இனத்தில், இயற்கைச் சேர்க்கையாற் பிறந்த குட்டியையே பதிவேடு ஏற்கும். பிற குதிரையினங்கள் பலவற்றிலேயே இவ்வித்தை பெரிதும் வழங்கி வருகின்றது.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. நோயினாலோ முதுமையினாலோ கருவளங் குன்றிய குதிரைக்கு இவ்வுதவி செய்வது நன்றே. பிறவியிலேயே குறையுள்ள குதிரைக்குச் செய்தாலோ, அக்குறை குட்டிகளையும் தொடரக்கூடும். இன்று ஒரு குட்டியைப் பெற்று, நாளை ஒரு வம்சத்தையே வைத்தியர் கைக்கு ஒப்படைத்தவராவோம். எனவே பொலிகுதிரை வளர்ப்போர், பந்தயக் கிண்ணங்களை எண்ணுமுன் நுணுக்குக்காட்டியின் கீழ் விந்தையும் நோக்குவராக. வேகம் ஒரு தலைமுறைக்குப் புகழ் தரும். கருவளமே வம்சத்தைத் தழைக்கச் செய்யும்.