அணு: சொல்லின் தொடர்ச்சியும் கொள்கையின் வேறுபாடும்

முன்னுரை

பழந்தமிழ் நூல்களில் அறிவியற் செய்திகளைத் தேடும் கட்டுரைகள் தமிழ்த்துறைகளில் தொடர்ந்து எழுதப்பட்டு வருகின்றன. அவற்றுள் அணு பற்றியனவற்றுக்கு ஒரு பொது அமைப்பு உண்டு. மணிமேகலையில் ஆசீவகர் கூறும் அணுவும் திருவள்ளுவமாலையில் இடம்பெறும் அணுவும் எடுத்துக்காட்டப்படும். அடுத்து ஜான் டால்டனின் பெயர் வரும். டால்டனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழர் அணுக்கொள்கையை அறிந்திருந்தனர் என்னும் முடிவோடு கட்டுரை நிறைவுறும். இம்முடிவு பழைய நூலுக்குப் பெருமை சேர்ப்பதாகத் தோன்றும். உண்மையில் அது அந்நூல் சொல்வதைக் கேளாமலே கடந்து செல்வதற்கு வழிசெய்கிறது. இரு கொள்கைகளை ஒப்பிடும்போது அவை எட்டிய முடிவுகளை மட்டும் அருகருகே வைத்தல் போதாது. எவ்வினாவுக்கு விடையாக, எச்சான்றின்மேல் அவை எழுந்தன என்பதையும் ஒப்பிடவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தராசு தந்த விதிகள்

பள்ளி வேதியியலின் தொடக்கப் பாடமாகிய வேதிச் சேர்க்கை விதிகள் அனைத்தும் அளவையிலிருந்து பிறந்தவை. வேதிவினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறுவதில்லை என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 1789இல் வெளியிட்ட தம் நூலில் அடிப்படை நெறியாகக் கொண்டார். ஒரு சேர்மம் எவ்வழியில் உருவாயினும் அதிலுள்ள தனிமங்களின் நிறை விகிதம் மாறாது என்று ஜோசப் புரூஸ்ட் நிறுவினார். நிலத்தில் கிடைத்த தாமிரக் கார்பனேட்டையும் ஆய்வகத்தில் ஆக்கிய தாமிரக் கார்பனேட்டையும் பகுத்து, இரண்டிலும் ஒரே விகிதம் அமைந்திருப்பதை அவர் காட்டினார்.

இவ்விதி எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. உலோகக் கலவை, கண்ணாடி, கரைசல் ஆகியவற்றைச் சுட்டிப் பெர்தொலே அதனைப் பல ஆண்டுகள் மறுத்தார். அம்மறுப்புக்கு விடை காணும் முயற்சியில்தான் கலவை வேறு, சேர்மம் வேறு என்னும் வேறுபாடு தெளிவு பெற்றது. இன்று மாணவர் முதல் வகுப்பிலேயே மனனம் செய்யும் வேறுபாடு ஒரு வாதத்தின் விளைவாகும்.

இரு தனிமங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட சேர்மங்களைத் தருமாயின், ஒன்றன் குறித்த நிறையுடன் சேரும் மற்றதன் நிறைகள் எளிய முழுஎண் விகிதத்தில் அமையும் என்பது மடங்கு விகித விதி. 12 பங்கு கார்பன் 16 பங்கு ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடும், 32 பங்கு ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டைஆக்சைடும் ஆகிறது. ஆக்சிஜனின் நிறைகள் 1:2 என்னும் விகிதத்தில் உள்ளன. பொருள் தொடர்ச்சியான ஒன்றாயின் இடைப்பட்ட அளவுகளும் அமையலாமே, ஏன் அமைவதில்லை? ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கெனக் குறித்த எடையுள்ள துகள்கள் உண்டு, அவை முழு எண்ணிக்கையில் மட்டுமே சேர்கின்றன என்று கொண்டால் இவ்வினாவுக்கு விடை கிடைக்கிறது. டால்டனின் 1808ஆம் ஆண்டு நூலின் சாரம் இதுவே. பொருள் சிறு துகள்களால் ஆனது என்பது அந்நூலுக்கு முன்பே பலரும் கூறியது. அத்துகளுக்கு எடை குறித்ததே டால்டன் செய்த புதுமை.

ஒரே கூற்று, இரு சான்றுகள்

மணிமேகலையின் 27ஆம் காதையாகிய சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் ஆசீவகர் தம் கொள்கையை விரிக்கிறார். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என அணு ஐவகைப்படும். அணுக்களுக்குத் தொடக்கமும் அழிவும் இல்லை. ஒன்று இரண்டாகப் பிளவுபடாது. ஓரணு மற்றோர் அணுவினுள் புகாது. நீரணு நிலவணுவாக மாறாது. அவை செறிந்து வயிரமாகும், துளைபட்டு மூங்கிலாகும், பின்னர்ப் பிரிந்து தம் இயல்பை அடையும். செறிவான, ஒழுங்குபட்ட சிந்தனை இது என்பதில் ஐயமில்லை.

இவற்றுள் நீரணு நிலவணுவாகாது என்னும் கூற்று தனியே எண்ணத்தக்கது. நீர் நிலமாக மாறும் என்னும் கருத்து 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வழக்கில் இருந்தது. கண்ணாடிக் கலத்தில் நீரை நெடுநாள் காய்ச்சினால் அடியில் மண் போன்ற படிவு தங்குவது அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. லவாய்சியர் தூய நீரை மூடிய கண்ணாடிக் கலத்தில் 101 நாள் காய்ச்சினார். கலத்தையும் நீரையும் முன்னும் பின்னும் நிறுத்தார். மொத்த எடை மாறவில்லை. கலத்தின் எடை குறைந்திருந்தது. அக்குறைவு படிவின் எடையோடு ஏறத்தாழப் பொருந்தியது. படிவு கண்ணாடியிலிருந்து கரைந்து வந்ததேயன்றி நீர் மாறியதால் வந்ததன்று என்பது புலனாயிற்று.

ஆசீவகரும் லவாய்சியரும் ஒரே கூற்றைக் கூறினர் என்று இங்கே முடித்துவிடலாம். ஆனால் 1783இல் அதே லவாய்சியர், நீர் தனிமமே அன்று, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம் என்று அறிவித்தார். நீரணு என்பதொன்று இல்லை என்றே அதற்குப் பொருள். தராசின்மேல் நின்ற ஆய்வு தான் தொடங்கிய இடத்தின் அடிப்படையையே மாற்றிக்கொள்ள முடிந்தது. ஆசீவகக் கொள்கையில் அணுவகைகள் ஐந்து என்பது நூல்வழி வந்த துணிபு. அதனை மாற்றக்கூடிய அளவை எதுவும் அக்கொள்கைக்கு உள்ளே இல்லை. வாக்கியங்கள் ஒத்திருப்பினும் அவை நிற்கும் நிலங்கள் வேறு.

விகிதம் பற்றிய வேறுபாடு

ஒப்பிடுவோரை மிகுதியும் ஈர்க்கவல்ல பகுதி இனி வருவது. அணுக்கள் பூதங்களாக அமையும்போது ஒன்று, முக்கால், அரை, கால் என்னும் வரிசையில் சேரும் என்றும், மிகுந்து நிற்பதன் பெயரையே அச்சேர்க்கை பெறும் என்றும் ஆசீவகர் கூறுகிறார். குறித்த விகிதத்தில் சேரும் அணுக்கள் என்று கண்டவுடன் மாறா விகித விதி நினைவுக்கு வருதல் இயல்பே.

அவ்விகிதம் எங்கும் நிறுத்துக் கண்டதன்று என்று சொல்லி இவ்வொப்புமையைத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. டால்டனும் ஊகித்தார். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரே சேர்மமாக அவர் அறிந்தது நீர். ஆதலின் அதில் ஒன்றுக்கு ஒன்று என்னும் எளிய எண்ணிக்கையே இருக்கும் என்று அவர் கொண்டார். ஹைட்ரஜன் அணுவின் எடை 1 எனில் ஆக்சிஜனின் எடை 7 என்று தம் நூலில் எழுதினார். அளவைப் பிழை நீங்கியபோது அது 8 ஆயிற்று. ஊகப் பிழை நீங்க அரைநூற்றாண்டு சென்றது. இரு பருமன் ஹைட்ரஜனும் ஒரு பருமன் ஆக்சிஜனும் சேர்ந்து இரு பருமன் நீராவி தரும் என்று கே-லூசாக் காட்டினார். ஒரு பருமன் ஆக்சிஜனிலிருந்து இரு பருமன் நீராவி எழ, ஆக்சிஜன் அணு பிளவுபட வேண்டுமே என்ற இடர்ப்பாடு எழுந்தது. டால்டன் அம்முடிவை ஏற்கவில்லை. பிளவுபடுவது அணுவன்று, இரண்டு அணுக்கள் கூடிய மூலக்கூறு என்று 1811இல் அவகாட்ரோ விடை கண்டார். அவ்விடை பரவலான ஏற்பைப் பெறுவதற்குக் கன்னிசாரோவின் 1858ஆம் ஆண்டுக் கட்டுரையும் 1860இல் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியலாளர் மாநாடும் தேவைப்பட்டன. அதன்பின் ஆக்சிஜனின் அணு எடை 16 என நிலைபெற்றது.

எனவே வேறுபாடு ஊகித்ததிலோ ஊகியாததிலோ இல்லை. டால்டனின் ஊகம் தவறு என்று காட்டக்கூடிய பிறிதோர் அளவை இருந்தது. அணு, மூலக்கூறு என்னும் இரண்டும் வேறென்ற தெளிவு அத்தவற்றிலிருந்தே பிறந்தது.

பெயரிடும் முறையும் இரண்டுக்கும் வேறு. மிகுந்து நிற்பதன் பெயரும் இயல்பும் சேர்க்கைக்கு அமையும் என்பது ஆசீவகக் கொள்கை. நீரின் நிறையில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஆக்சிஜன். எனினும் நீரை எவரும் ஆக்சிஜன் என்பதில்லை. நீர் எரிதலுக்குத் துணைசெய்வதும் இல்லை. சேர்மத்தின் இயல்பு உறுப்புகளின் இயல்பினின்றும் வேறு என்பதே வேதியியலின் மையம். ஆசீவகர் விளக்க முயன்றது ஒரே அணுத்தொகுதியிலிருந்து வன்மையும் மென்மையும் வெம்மையும் எவ்வாறு தோன்றுகின்றன என்னும் பண்புசார் வினாவை. அவ்வினாவுக்கு மிகுதிக் கொள்கை ஒரு கூர்மையான விடை. மாறா விகித விதியின் முன்னோடி என்று அதனை அழைக்கும்போது அவ்வினா மறைந்துபோகிறது.

பிளவுபடா அணுவும் துளைபடும் அணுவும்

திருவள்ளுவமாலையில் ஒளவையார் பெயரால் வழங்கும் பாடல், அணுவைத் துளைத்து அதனுள் ஏழு கடலையும் புகுத்தியது போன்றது குறள் என்று புகழ்கிறது. இது அணுப்பிளப்பின் முன்னறிவு என்று மேடைகளிலும் கட்டுரைகளிலும் கூறப்படுவதுண்டு. அதே நூலில் இடைக்காடர் பெயரால் வழங்கும் பாடல் இதே உவமையைக் கடுகை வைத்துக் கூறுகிறது. கடுகு நிற்கும் இடத்தில் அணு நிற்க முடிகிறது எனின், அங்கு அணு என்பது மிகச் சிறியது என்னும் பொருளினதே. பொருளின் கட்டமைப்பைப் பற்றிய கோட்பாடு அன்று. புகழ்ச்சியின் உயர்வுக்கு ஏற்பச் சிறுமையின் அளவு கூட்டப்பட்டுள்ளது. உரையாசிரியர் மரபில் பயின்ற எவரும் எளிதில் உணரக்கூடிய செய்தி இது.

இவ்விரு சான்றுகளையும் ஒரே கட்டுரையில் வைப்போர் ஒரு முரணைக் கவனிப்பதில்லை. மணிமேகலையின் அணு பிளவுபடாது. அதனால் அது டால்டனின் அணு எனப்படுகிறது. திருவள்ளுவமாலையின் அணு துளைபடுகிறது. அதனால் அது 1938இல் கண்டறியப்பட்ட அணுக்கருப் பிளவு எனப்படுகிறது. பிளவுபடாமையும் முன்னறிவு, பிளவுபடுதலும் முன்னறிவு என்றால், எந்தக் கூற்றும் எந்தக் கண்டுபிடிப்பையும் முன்னறிந்ததாகவே முடியும். எதனாலும் மறுக்கப்பட முடியாத ஒப்பீடு எதனையும் நிறுவுவதில்லை.

மற்றொன்றும் உண்டு. மணிமேகலையில் ஆசீவகம் பிறர் மதமாக எடுத்துரைக்கப்படுவது. மணிமேகலை அதனைக் கேட்டு, தடுமாற்றமுடைய கூற்று எனத் தள்ளி, அடுத்த சமயத்தாரிடம் செல்கிறாள். நீலகேசியிலோ ஆசீவக வாதத்துக்கெனத் தனிச் சருக்கமே அமைந்து, அக்கொள்கை மறுக்கப்படுகிறது. ஆகவே தமிழ்ச் சூழலில் அணு, சமயவாதிகள் தம்முள் ஏற்றும் மறுத்தும் வாதிட்ட ஒரு கோட்பாடு. அவ்வாதம் முழுவதையும் தமிழர் அறிந்திருந்தனர் என்னும் ஒற்றைத் தொடரில் சுருக்குவது, வாதிட்டோர் அனைவரின் குரலையும் அடக்குவதாகும்.

கலைச்சொல் தந்த மயக்கம்

இம்மயக்கத்துக்கு ஒரு காரணம் கலைச்சொல்லாக்கத்தில் உள்ளது. மேலை வேதியியலைத் தமிழில் தரும் முயற்சி 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் முன்னின்று நடத்திய மொழிபெயர்ப்புப் பணியின் பயனாக 1875இல் கெமிஸ்தம் என்னும் நூல் வெளிவந்தது. பின்வந்த கலைச்சொல்லாக்கத்தில் சில சொற்கள் ஒலிபெயர்க்கப்பட்டன, சில புதிதாக ஆக்கப்பட்டன, சில பழைய மெய்யியற் சொற்களே புதுப்பொருள் ஏற்றன. ஹைட்ரஜனைச் சங்க இலக்கியத்தில் எவரும் தேடுவதில்லை, மூலக்கூற்றையும் தேடுவதில்லை. தேடப்படுவது அணு மட்டுமே. அது பழைய சொல் என்பதே அதற்குக் காரணம். டால்டனும் கிரேக்க மெய்யியலின் பழஞ்சொல்லையே எடுத்தாண்டார். அதனால் டெமாக்ரிட்டஸ் வேதியியலாளர் ஆகிவிடவில்லை.

ஒரே காலத்திலும் ஒரே சொல் இரு பொருள் தரக்கூடும். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது பொருளின் அளவு. எடை என்பது அதன்மீது செயற்படும் புவியீர்ப்பு விசை. இலங்கைப் பாடநூலில் முன்னது திணிவு, பின்னதே நிறை. தமிழ்நாட்டு மாணவர் நிறை மாறா விதி என்று படிப்பதை இலங்கை மாணவர் திணிவுக் காப்பு விதி என்று படிக்கிறார். தனிமமும் மூலகமும், சேர்மமும் சேர்வையும் அத்தகையன. இன்று, ஒரே துறையில், பாக் நீரிணைக்கு இருபுறமும் நிறை என்னும் சொல் ஒரே பொருளைத் தரவில்லை. அவ்வாறாயின் மணிமேகலையின் அணுவும் பாடநூலின் அணுவும் எழுத்தால் ஒத்திருப்பது எதற்கும் சான்றாகாது.

நிறைவுரை

இவ்வகைக் கட்டுரைகளை எழுதுவோரும் மதிப்பிடுவோரும் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். எடுத்துக்காட்டிய இடத்தில் அச்சொல் கோட்பாட்டுப் பொருளில் வருகிறதா, உவமைப் பொருளில் வருகிறதா? அக்கூற்று எவ்வினாவுக்கு விடையாகக் கூறப்பட்டது? அக்கூற்று தவறு என்று காட்டக்கூடிய சான்று இன்னது என அந்நூலுக்குள்ளோ அம்மரபுக்குள்ளோ குறிக்கப்பட்டுள்ளதா? இம்மூன்றுக்கும் விடை தராத ஒப்பீட்டைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவது மதிப்பீட்டாளரின் கடமை.

ஒப்பீட்டைக் கைவிடவேண்டும் என்பது இதன் கருத்தன்று. ஆசீவகர் உயிரையும் அணுவாகக் கொண்டது ஏன்? அணுவைத் தனியே தெய்வக் கண்ணுடையோரே காண்பர், ஏனையோர் திரளாகவே காண்பர் என்பதற்கு, மாலைப்பொழுதில் ஒரு மயிர் தெரியாமல் மயிர்த்திரள் தெரிவதை உவமை காட்டும் அறிவுக்கொள்கை யாது? வைசேடிகரும் சமணரும் கூறும் அணுக்களிலிருந்து அது எங்கே விலகுகிறது? நீலகேசி அதனை எந்த அளவையால் மறுக்கிறது? இவ்வினாக்களுக்கு விடைகாணத் தமிழ்ப் புலமை இன்றியமையாதது. வேதியியலார் இதனைச் செய்துதர இயலாது.

டால்டன் தந்த பிளவுபடா அணு ஒரு நூற்றாண்டு முழுதும் நிலைக்கவில்லை. 1897இல் எலக்ட்ரான் கண்டறியப்பட்டது. ஆசீவக அணுவின் மதிப்பை டால்டனின் அணுவோடு கட்டிவிட்டால், பின்னது வீழ்ந்தபோது முன்னதும் வீழ்ந்ததாகவே கொள்ளவேண்டும். மணிமேகலையின் 27ஆம் காதைக்கு அத்தகைய முட்டு வேண்டியதில்லை. அது தன் காலத்து வினாக்களோடு தனித்து நிற்கவல்லது.