‘ட்வீக்’ என்றால் திருகுவது



உங்களில் பலர் அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறீர்கள். சிலர் அனுப்புவதற்கு முன் ‘சார், இது சரியா?’ என்று எனக்குக் காட்டுவதும் உண்டு. சமீபத்தில் ஒன்றில் ‘ஐ டாம்பர்ட் வித் த செட்டிங்ஸ்’ என்று இருந்தது. கொஞ்சம் மாற்றினேன் என்று சொல்ல நினைத்திருக்கிறான் பிள்ளை. மேலதிகாரிக்குப் போயிருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும். டாம்பர் என்பது உரிமையில்லாத கை. சாட்சியைக் கலைப்பதற்கும் மின் மீட்டரில் கை வைப்பதற்கும் அந்தச் சொல்தான். 2018-இல் கேப்டவுனில் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்கள் உப்புத்தாளால் பந்தைத் தேய்க்கப் போய் மாட்டினார்களே, அது பால் டாம்பரிங். அதை யாரும் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று எழுதவில்லை.

ட்வீக், அட்ஜஸ்ட், ஃபைன் ட்யூன் மூன்றும் ஒன்றுதானே என்கிறீர்கள். இல்லை. ட்வீக்கின் பழைய பொருள் கிள்ளித் திருகுவது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் மூக்கைப் பிடித்துத் திருகுவதற்கு அந்தச் சொல் வருகிறது. (அந்தக் கால வாத்தியார்களிடம் படித்தவர்களுக்கு மூக்கு அல்ல, காது ஞாபகம் வரும்.) நன்றாக ஓடிக்கொண்டிருப்பதில் ஒரு சின்னத் திருகு, அவ்வளவுதான்.

ஃபைன் ட்யூன் வேறு. தம்புராவில் முதலில் பிருடையைத் திருப்பிச் சுருதிக்குப் பக்கத்தில் கொண்டுவருவார்கள். அதன் பிறகுதான் தந்தியில் கோத்த மணியை மயிரிழை நகர்த்துவார்கள். அந்த மணி நகர்த்தல்தான் ஃபைன் ட்யூன். பாதி எழுதிய அறிக்கையை ஃபைன் ட்யூன் செய்கிறேன் என்று சொல்லாதீர்கள். பிருடையையே இன்னும் தொடவில்லை நீங்கள்.

அட்ஜஸ்ட் தனியாக நிற்காது. எதற்கு ஏற்ப என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. சைக்கிள் சீட்டை நம் உயரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்குகிறோம். இந்தக் கேள்வியை விழுங்கிவிட்டால் அந்தச் சொல்லுக்குள் எதையும் ஒளிக்கலாம். உலக வங்கி 1980-இல் தொடங்கிய ஒருவகைக் கடனுக்கு ‘ஸ்ட்ரக்சுரல் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று பெயர். மானியத்தை வெட்டு, அரசு நிறுவனத்தை விற்றுவிடு என்ற நிபந்தனைகளெல்லாம் அந்தப் பெயருக்குள் அடங்கின. சம்பளத்தைக் குறைக்கும் கம்பெனிகளும் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்றுதான் கடிதம் கொடுக்கின்றன.

நம் வீடுகள் மட்டும் என்ன? ரயிலில் மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆள் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க’ என்றால் நகர்ந்து உட்காரலாம். அரை மணி நேரத்தில் அவர் ஸ்டேஷன் வந்துவிடும். வாழ வந்த பெண்ணிடம் அதையே இருபது வருஷம் சொல்கிறோம். அங்கே அதற்குப் பொருள் ‘பொறுத்துக்கொள், பேசாதே’.

அடுத்த முறை சம்பந்தம் பேசும்போது ‘பொண்ணு அட்ஜஸ்ட் பண்ணிப்பாளா?’ என்று யாராவது கேட்டால், ‘எதுக்கு?’ என்று திருப்பிக் கேளுங்கள். காலையில் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்திருக்கவா, பார்க்கிற வேலையை விடவா? முன்னதை வேண்டுமானால் அட்ஜஸ்ட்மென்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். வேலையை விடுவதற்கு ஆங்கிலத்தில் ‘கிவ் அப்’ என்று பெயர்.

டிங்கர், காலிபரேட் இரண்டும் பாக்கி இருக்கின்றன. கேட்டால் எழுதுகிறேன்.